பள்ளி விட்ட பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுவதற்கும் பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கிறது. அப்போது பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. நூலகங்களும் இளைஞர் மன்றங்களும் தன்னார்வ அமைப்புகளும் சத்தமில்லாமல் அந்த இடைவெளியை நிரப்பி வருகின்றன.

கோடை விடுமுறை இன்னும் நீளமானது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழப்பதாகத் தெரிந்தது. கணக்குப் பாடத்தில் இழப்பு கூடுதல். பிந்தைய ஆய்வாளர்கள் சிலர் இந்த அளவை ஏற்கவில்லை என்பதும் உண்மை.

அதற்காகக் கோடை முகாமை இன்னொரு டியூஷன் ஆக்கிவிடக் கூடாது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது, ஐ.நா. 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு. (தேர்வு நேரத்தில் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!)

நான் பார்த்தவரை, இத்தகைய இடங்களுக்குப் பிள்ளையை மறுநாளும் வரவைப்பது பாடத்திட்டம் அல்ல; அங்கே வேலை பார்க்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு அண்ணனோ அக்காவோதான். ஆனால் கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகத் தருகிறவர்கள் இந்த அண்ணன், அக்காக்களின் சம்பளம் என்றதும் யோசிக்கிறார்கள். ஓராண்டு நிதி தீர்ந்ததும் அந்த அண்ணன் வேறு வேலை தேடிப் போகிறார். பிள்ளைகளும் நின்றுவிடுகிறார்கள். நன்கொடையாளர்கள் மூன்று ஆண்டுகளுக்காவது சம்பளத்தை உறுதி செய்யட்டும். மாலையில் பூட்டிக்கிடக்கும் மைதானங்களைப் பள்ளிகளும் திறந்துவிடலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்