நெட்வொர்க்கா, டெலிபோனியா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

டிப்ளமோ முடித்த கையோடு ரூட்டர் பக்கம் போவதா, வாய்ஸ், அதாவது டெலிபோனி பக்கம் போவதா என்று நீ குழம்பிக் கிடப்பதாகச் சித்தப்பா சொன்னார். கிருஷ்ணகிரியில் சேரப் போகிறேன் என்று நீ அனுப்பிய கோச்சிங் சென்டர் நோட்டீஸையும் பார்த்தேன். அதில் ‘சிசிஎன்ஏ வாய்ஸ்’ என்று ஒரு கோர்ஸ் போட்டிருக்கிறார்களே, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் அடிப்படைச் சான்றிதழ்; அதில் வாய்ஸ் என்று தனியாக ஒன்று இன்று கிடையாது. அதன் பெயரைக் கொலாபரேஷன் என்று மாற்றினார்கள்; பிறகு 2020 பிப்ரவரியில் செக்யூரிட்டி, வயர்லெஸ் எல்லாவற்றோடும் சேர்த்து சிஸ்கோ ஒரே சிசிஎன்ஏ ஆக்கிவிட்டது. தேர்வு எண் 200-301. டெலிபோனிதான் வேண்டுமென்றால் அதற்கு மேலே சிசிஎன்பி கொலாபரேஷன் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: முதலில் நெட்வொர்க், அதன் மேல் டெலிபோனி. ஏன் என்று கேட்பாய்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபேக்டரி என்று வைத்துக்கொள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, நெட்வொர்க் வழியே பேசும் ஐபி போனிலிருந்து லாரி டிரைவரின் செல்லுக்கு அடிக்கிறார். டிரைவர் எடுக்கிறார். இவர் பேசுவது அவருக்குக் கேட்கிறது; அவர் பேசுவது இங்கே கேட்கவில்லை. உடனே ஹேண்ட்செட்டை மாற்றுவார்கள், போனையே மாற்றுவார்கள். ஒன்றும் ஆகாது. அழைப்பை ஏற்படுத்துவது எஸ்ஐபி என்ற நெறிமுறை. குரலைச் சுமப்பது ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறை. ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று எஸ்ஐபி செய்திக்குள் போன் எழுதி அனுப்பியது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியிலிருந்து அந்த முகவரிக்கு எதுவும் வந்து சேராது. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் நேட் தெரிந்தவன் இதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிப்பான். தெரியாதவன் ஸ்பேர் போனுக்கு இண்டென்ட் போடுவான்.

இதையெல்லாம் பழக நோட்டீஸில் கேட்கும் பணம் தேவையில்லை. நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். அப்புறம் வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேரை ஏற்று. அதுவும் இலவசம்தான், பிபிஎக்ஸ் (அலுவலக எக்ஸ்சேஞ்ச்) வாங்கக் காசில்லாமல் மார்க் ஸ்பென்சர் என்பவர் 1999-இல் தானே எழுதிக்கொண்டது. உன் செல்லிலும் சித்தியின் செல்லிலும் லின்போன் என்ற ஆப் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேசு. அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் பிடித்து, டெலிபோனி மெனுவில் வாய்ப் கால்ஸ் என்பதைத் திற. அழைக்கும் இன்வைட் செய்தி போவது, ரிங்கிங் வருவது, எடுத்ததும் 200 ஓகே வருவது எல்லாம் ஏணிப்படம் மாதிரி வரிசையாகத் தெரியும். ஜி.711 என்ற குரல் வடிவத்தில் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 ஆயிரம் பிட்). ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி சுமக்கும் தலைப்புகள் சேர்ந்தால் ஏறக்குறைய 80. இதை உன் திரையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தவனை இன்டர்வியூவில் மடக்குவது கஷ்டம். டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) படித்துப் பாஸ் செய்தவன் இரண்டாவது கேள்வியிலேயே முழிப்பான்.

சிசிஎன்ஏவுக்குப் பிறகு எந்தக் கம்பெனியின் சான்றிதழ் என்பதை இப்போதே முடிவு செய்யாதே. பெங்களூரில் டீம்ஸ் போனுக்கு மாறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தால் அதற்கான மைக்ரோசாஃப்ட் தேர்வான எம்எஸ்-721 உதவும். ஓசூர் ஃபேக்டரிகளில் இன்னும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் டெலிபோன் லைன் வந்து இறங்கும் ஈபிஏபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சைப் பார்க்கலாம். ஒரு லைனில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அங்கே கேமராவும் உன் தலையில்தான் விழும். முதல் வருஷம் பெரும்பாலும் ஏணியும் கேபிள் முனையில் கனெக்டர் பொருத்தும் கிரிம்பிங் டூலுமாகத்தான் போகும். டிப்ளமோ படித்துவிட்டு இதுவா என்று சித்தப்பா முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். சான்றிதழ் செல்லுபடியாவது மூன்று வருஷம். அதனால் தயாராகாமல் தேதி வாங்காதே. இன்னொன்று, பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடு. உனக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பெயர் பொருந்தாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விட மாட்டார்கள், கட்டின பணமும் போய்விடும். அதை முதலில் சரிபார்த்துவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அண்ணன்
ஓசூர்