திரைக்கதைக்கும் ஞாயிறு இணைப்பில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சிறுகதை வருகிறது, கவிதை வருகிறது, நூல் மதிப்புரை வருகிறது. சமையல் குறிப்புக்குக்கூட அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். திரைக்கதைக்கு மட்டும் இதுவரை கால் பக்கமும் கிடைத்ததில்லை. அதைச் சுட்டிக்காட்டி ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சினிமாவுக்குத்தான் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம் தருகிறோமே என்று தாங்கள் கேட்கலாம். நான் சொல்வது நடிகர் நடிகையரைப் பற்றிய செய்தியை அன்று. ஒரு படம் படமாவதற்கு முன் தாளில் எழுதப்படும் எழுத்தைச் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணினித் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து தரும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். திங்கட்கிழமைகளில் ஆட்சியரிடம் மனு கொடுக்க வருவோரால் கடை நிரம்பிவிடும். மற்ற நாட்களில் பத்திர நகல், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று பொழுது போகும். இவற்றுக்கு நடுவே நெல்லிக்குப்பத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ மாதம் இரண்டு மூன்று இளைஞர்களாவது கோடு போட்ட நோட்டு ஒன்றோடு வந்து, “அக்கா, ஒரு ஸ்கிரிப்ட் அடிக்கணும்” என்று தயங்கியபடி நிற்பார்கள். அடித்து முடித்ததும் மூன்று பிரதி எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு, “ஃபைலை அழிச்சிடுங்கக்கா” என்பார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து காட்டினால்தான் சென்னைக்குப் பஸ் ஏறுவார்கள். அவர்களுடைய கதைகளில் ஒன்றையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது தொழில் தர்மம். ஆனால் அவை அனைத்திலும் பொதுவாக இருக்கும் ஒன்றைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நம் திரையுலகில் வழக்கமாக இருந்துவரும் முறைப்படி, பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கத்தில் வசனத்தையும் எழுதி வருகிறார்கள். வலப்பக்கம் நிரம்பி வழிகிறது. இடப்பக்கத்தில் “வீடு, பகல்” என்றோ “டீக்கடை, காலை” என்றோ இரண்டு சொற்கள் இருக்கும். அதன்பின் அடிவரை வெள்ளைத்தாள்தான். நூற்று நாற்பது பக்கம் அடித்த ஒரு பிரதியில் இடப்பக்கத்து எழுத்தை மட்டும் ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது பக்கம்கூடத் தேறவில்லை. நான் பக்கக் கணக்கில் காசு வாங்குவதால் அந்த வெள்ளையினால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. “கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்” என்று நான்கையும் ஒரே மூச்சில் ஒரே பெயருக்கு முன்னால் போடும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், நடுவிலுள்ள இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் காரணம் என் வீட்டுக் கூடத்திலேயே இருப்பது புலப்பட்டது.

என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. மாலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். அங்கிருந்து திரை தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். தொடரில் ஒருத்தி கதவைத் திறந்தால், “யாரது, நீங்களா? இந்த நேரத்துல ஏன் வந்தீங்க?” என்று கேட்டுவிடுகிறாள். மனத்துக்குள் நினைப்பதையும் மைண்ட் வாய்ஸில் உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். விளம்பர இடைவேளை முடிந்து வந்ததும், முன்பு நடந்ததை இன்னொரு பாத்திரம் இன்னொருவரிடம் மறுபடி விவரிக்கிறது. யாராவது அதிர்ச்சியடைந்தால் இசை மூன்று முறை இடிக்கிறது, அந்த இடி கேட்டதும் மாமியார் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு, “அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா?” என்று எனக்குக் குரல் கொடுப்பார். அவர் ஒன்றையும் தவறவிடுவதில்லை.

இதை எழுதுபவர்களைக் குறை கூறுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். அவர்கள் தங்களுடைய நேயர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அறிந்தே எழுதுகிறார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் பார்ப்பதற்காக அந்த வீட்டு வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே வந்த ஒன்றை வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து கண்ணால் பார்த்தோம். 1993க்குப் பிறகு தனியார் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்து, பெட்டி விடிந்தது முதல் படுக்கும்வரை ஓடத் தொடங்கியபோது, வீட்டுவேலைகள் அதற்காகக் காத்திருக்க முடியாமல் போயிற்று. ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கும் சேனலின் சொந்த அறிவிப்புக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அந்த இடைவெளியில்தான் குக்கரை இறக்குவதும் பால் காய்ச்சுவதும் நடக்கின்றன. ஆக, படம் காட்டும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக வானொலியாகிவிட்டது.

செய்திச் சேனல்களின் கதை இதற்கு நேர்மாறானது. என் கடைக்கு எதிரிலுள்ள டீக்கடையில் நாள் முழுதும் செய்தி ஓடுகிறது; ஆனால் ஒலி இல்லை. பஸ் ஹாரனுக்கும் பாய்லர் இரைச்சலுக்கும் நடுவே ஒலி வைத்துப் பயனில்லை என்று கடைக்காரர் அதை நிறுத்திவிட்டார். அங்கு நிற்பவர்கள் திரையின் அடியில் ஓடும் வரியையும், சிவப்புப் பட்டையில் “சற்றுமுன்” என்று வரும் எழுத்தையும் படித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போகிறார்கள். மாலையில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு பேர் வாயசைக்கும் விவாதம் வரும்போதும் அவர்கள் படிப்பது தலைப்பை மட்டும்தான். வீட்டில் காதால் கேட்கப்படுவதும் கடையில் எழுத்தாகப் படிக்கப்படுவதுமான தொலைக்காட்சியில், படத்தைப் படமாகப் பார்க்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறார். அந்த இளைஞர்களின் இடப்பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அப்போது ஒரு செய்திச் சேனலின் நிருபர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, இடுப்பளவு நீர் நிற்பதாக நெடுநேரம் விவரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், ஒரு பெண்மணி ஒரு கையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் மஞ்சள் பை ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி மெல்ல நடந்து போனார். கேமரா ஒரு கணம் அவர் பக்கம் திரும்பியிருந்தால் நிருபர் பேசவே வேண்டியிருந்திருக்காது. அது திரும்பவில்லை. பின்னர் ஒரு முதியவரிடம் மைக்கை நீட்டி, “உங்கள் மனநிலை இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்கள். அவர் என்ன சொல்வார் பாவம்!

அந்த மஞ்சள் பையில் என்ன இருந்திருக்கும் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. வெள்ளம் வடிந்ததும் என் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நனைந்த காகிதங்களோடுதான் வந்தார்கள்: ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். ஈரத்தோடு மெஷினில் வைத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதும், ஒருவர் கடைக்குள்ளேயே ஒரு கயிற்றைக் கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். அடுத்து வந்தவரும் தம்முடையதை அதிலேயே மாட்டினார். மின்விசிறிக் காற்றில் நான்கைந்து குடும்பங்களின் பெயரும் பிறந்த தேதியும் நிலத்தின் சர்வே எண்ணும் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டிருக்க, உரியவர்கள் கீழே பெஞ்சில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தார்கள். அரை மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவுதான் நான் முதல்முறையாகப் பிறருக்காக அல்லாமல் எனக்காகத் தட்டச்சு செய்தேன். ஒன்றரைப் பக்கம். இடப்பக்கம் முழுதும் நிரம்பியிருந்தது, வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்லப்படும் கணக்கு நம் இரண்டு பத்தி முறைக்குப் பொருந்தாது என்பதால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று நிமிடம் வந்தது. என்னிடம் ஸ்கிரிப்ட் அடிக்க வந்து, இப்போது உதவி இயக்குநராக இருக்கும் தம்பி ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் புரட்டிவிட்டு, “நல்லாயிருக்குக்கா. வசனம் எப்ப எழுதுவீங்க?” என்றார். அவர் நல்ல பிள்ளை. என்னைப் புண்படுத்தச் சொன்னதில்லை. ஆயினும் அந்தக் கேள்விதான் இக்கடிதத்துக்கு வித்து.

படத்தைப் படமாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை நான் தற்செயலாகவே கற்றேன். புதுவை அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவுக்கு ஒருமுறை தோழியோடு போயிருந்தேன். அன்று போட்ட படம் வங்காளம். அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்க என் கண்ணும் ஆங்கிலமும் போதவில்லை. பத்து நிமிடம் தடுமாறிவிட்டு, படிப்பதை விட்டு முகங்களை மட்டும் பார்த்தேன். பாதிக்கு மேல் புரிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் தோழியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், எழுத்தைப் படித்த அவர் கதைச் சங்கதிகள் சிலவற்றை என்னைவிட நன்றாகச் சொன்னார். எந்தக் காட்சியில் மழை பெய்தது என்பது எனக்குத்தான் நினைவிருந்தது.

கடலூருக்குத் திரைக்கதை புதிதன்று. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைப் படத்துக்கு எழுதுவதிலேயே செலவிட்டு, 1948இல் மறைந்தார். எங்கள் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், 1965இல் வெளிவந்த தம் படத்தைத் தாமே எழுதித் தாமே இயக்கினார். அவர்களுடைய சிறுகதைகளை எந்த நூலகத்திலும் எடுத்துப் படித்துவிடலாம். சிறுகதை எழுத விரும்பும் பையனுக்கு முன்மாதிரி வாரந்தோறும் தங்கள் இதழிலேயே கிடைக்கிறது. திரைக்கதை எழுத விரும்புபவனுக்கு என்ன கிடைக்கிறது? வெற்றி பெற்ற சில படங்களின் திரைக்கதைகள் நூலாக வந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கும்போது, தாளில் இல்லாததையும் நம் நினைவே நிரப்பிவிடுகிறது; எழுத்து மட்டுமே எவ்வளவு காட்டுகிறது என்பது அதில் தெரிவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு குறுந்திரைக்கதையை ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். வாசகர்களிடமிருந்தே கேளுங்கள். பெரிய பெயர்கள் வேண்டாம். வசனம் பத்து வரிக்கு மேல் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தால் நல்லது. என் கடைக்கு வரும் பிள்ளைகள் முதலில் திணறுவார்கள், பிறகு இடப்பக்கத்தில் எழுதத் தொடங்குவார்கள். கரு கிடைக்கவில்லை என்பவர்களுக்குத் தங்கள் மாவட்டச் செய்திப் பக்கமே போதும்.

கதையை யாராவது எடுத்துக்கொள்வார்களே என்ற அச்சமும் இதனால் குறையும். வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே தீர்ப்பளித்திருக்கிறது. சென்னையிலுள்ள திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. நாளிதழில் பெயரோடும் தேதியோடும் அச்சான பக்கமும் யார் எப்போது எழுதினார் என்பதற்கு நல்ல சான்றாக நிற்கும். என்னிடம் வந்து ஃபைலை அழிக்கச் சொல்வதைவிட இது பாதுகாப்பானது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நானே எடுத்துச் சொல்வேன்.

மேலே குறிப்பிட்ட ஒன்றரைப் பக்கத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லையெனில் திருப்பி அனுப்பும் சிரமம் வேண்டாம். கடையில் நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.