எட்டின் மடங்கு

அன்புள்ள சேகர்,

போஸ்டர் மாதிரியை நீ அனுப்பிப் பத்து நாளாயிற்று. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலை. முரளியிடம் அந்த மஞ்சள் குடை பத்திரமா என்று கேள்.

பிரஸ் ஸ்டார்ட் 2பி ஃபான்ட்டை எடுத்தாயே, அருமையான தேர்வு. 80களில் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் செய்த ஆர்கேட் விளையாட்டுகளின் (காசு போட்டு ஆடுவார்களே, அந்த இயந்திரங்கள்) எழுத்தை வைத்துச் செய்தது. அதற்கும் மூலம் 1976இல் அமெரிக்காவின் அட்டாரி விளையாட்டு நிறுவனம் போட்ட எழுத்து. எட்டுக்கு எட்டு பிக்சல், அதாவது சதுரப் புள்ளிகள், கொண்ட கட்டத்தில் ஒரு படுக்கை வரிசையும் ஒரு செங்குத்துப் பத்தியும் இடைவெளிக்குப் போய்விடும். எழுத்துக்கு மிஞ்சுவது ஏழுக்கு ஏழு. நிற்கும் கோடு 2 பிக்சல், படுக்கும் கோடு 1. பழைய டிவி குழாயில் கதிர் பக்கவாட்டில் ஓடும்போது ஒற்றைப் பிக்சல் மங்கிவிடும், அதனால்தான் நிற்பதற்கு மட்டும் அந்தத் தடிமன்.

அதன்மேல் நீ எழுத்தைத் தடிக்கவைக்கும் போல்ட் பட்டனையும் அழுத்தியிருக்கிறாய்! 'எம்' எழுத்தின் நடுவில் இருக்கும் ஒற்றைப் பிக்சல் சந்து அடைத்துக்கொண்டது, பார். உடனே எடுத்துவிடு. இணையப் பேனரில் 20 பிக்சல் அளவு வைத்திருக்கிறாய். எழுத்தின் ஒரு கட்டம் திரையில் இரண்டரைப் பிக்சலாகிறது. அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாதே, ஓரமெல்லாம் சாம்பல் பூசிக்கொள்கிறது. எட்டின் மடங்கான 8, 16, 24, 32 தவிர வேறு அளவு வேண்டாம். எழுத்துக்கு 16 வைத்தால் வரிக்கு வரி 24 பிக்சல் தூரம் கொடு. நிழல் வேண்டுமானால் ஒரு கட்டம் வலம், ஒரு கட்டம் கீழே, மங்கல் இல்லாமல். ஜேபெக் வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும், பிஎன்ஜி-யாகச் சேமி.

அச்சுக்குப் பாயிண்ட் என்ற எழுத்தளவுக் கணக்கை மற. ஒரு கட்டம் 2 மி.மீ. என்று வை. எழுத்துக்கு 16 மி.மீ., உன் ஆங்கிலத் தலைப்பில் இடைவெளியோடு 16 எழுத்து, ஆக 256. ஏ3 தாளின் அகலம் 297. இருபுறமும் இருபது மி.மீ. சொச்சம் ஓரம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தின் காலிப் பத்தியும் வலப்பக்கம் இருப்பதால், நடுவில் வைத்தாலும் வரி இடப்பக்கம் தள்ளியே தெரியும். ஒரு மி.மீ. வலப்பக்கம் நகர்த்து. நீயே வரைந்த பேய் உருவத்தில் சதுரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணை, இல்லாவிட்டால் சதுரங்களுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு விழும்.

விதிமுறைகளை இந்த ஃபான்ட்டில் போடாதே. மூன்று வரி தாண்டினால் கண் வலிக்கும்.

எனக்கு உண்மையான கவலை தமிழ்த் தலைப்பைப் பற்றித்தான். இந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. நீ ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எட்டு வரிசைக்குள் நசுக்கியிருக்கிறாய். 'ண' ஒன்றையே எடுத்துக்கொள்: நிற்கும் கோடு குறைந்தது நான்கு வேண்டும், இரண்டிரண்டு பிக்சல், நடுவே ஒன்று விட்டாலும் 11 பத்தி ஆகிறது. 'ணி'க்கு மேலே கொக்கி, 'ணு'வுக்குக் கீழே சுழி. எட்டில் எங்கே போகும்? 16 வரிசை எடு. அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற விடு, கோட்டின் தடிமன் மட்டும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகட்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் 'ண', 'ஐ', 'ஞ' மூன்றையும் வரை. அவை அமைந்துவிட்டால் மற்றவை அமையும்.

வரைந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அச்சகத்துக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
ரகு