டார்க் சன் வரவில்லை என்றால் வைல்ட்மவுண்டுக்கு ஏன் ஒற்றை நட்சத்திரம்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். தமிழிலும் புகார் எழுதலாம் என்று உங்கள் செயலியில் போட்டிருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புத்தகம் சொன்ன நாளில் வந்தது, ஒரு மூலைகூட மடங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் கேட்கவில்லை. என் பிரச்சினை உங்கள் விமர்சனப் பக்கம்.

மூன்று மாதம் முன்பு உங்களிடம் 'எக்ஸ்ப்ளோரர்ஸ் கைடு டு வைல்ட்மவுண்ட்' வாங்கினேன். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதையாக ஆடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறதே, அதை விளையாடுகிறவர்களுக்கான புத்தகம், ஒரு கற்பனைக் கண்டத்தின் ஊர், வரலாறு, சாமி, சண்டை எல்லாம் அதில் இருக்கும். முழுதாகப் படித்து, ஆறு சனிக்கிழமை நண்பர்களோடு விளையாடியும் பார்த்த பிறகுதான் விமர்சனம் எழுதினேன். இரண்டாம் நாளே 'பொருளுக்குத் தொடர்பில்லாதது' என்று நீக்கிவிட்டீர்கள். முதல் தடவை என் மேலும் தப்பு இருக்கலாம், மற்ற விமர்சகர்களைக் கொஞ்சம் கிண்டல் அடித்திருந்தேன். அந்த வரிகளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அதையும் தூக்கிவிட்டீர்கள்.

சரி, என்னுடையது தொடர்பில்லாதது என்றால் தொடர்புள்ளது எது என்று அதே பக்கத்தில் தேடிப் பார்த்தேன். உச்சியில் நிற்கிற ஒற்றை நட்சத்திர விமர்சனங்களின் தேதியை நீங்களே பாருங்கள், எல்லாம் ஜனவரி 2020. புத்தகம் கடைக்கு வந்ததே 2020 மார்ச் 17. வெளியே வராத 304 பக்கத்தை இவர்கள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள்? ஒருவர் டார்க் சன் (இதே விளையாட்டின் பழைய கற்பனை உலகங்களில் ஒன்று) எங்கே என்று கேட்டு முடித்துக்கொள்கிறார், இது டார்க் சன் இல்லை என்பதுதான் அவருடைய மொத்த விமர்சனமும். இன்னொருவருக்கு ஸ்பெல்ஜாமர் என்ற வேறொரு பழைய உலகம் வேண்டுமாம். ஐயா, ஸ்பெல்ஜாமர் 2022இல் வந்தே விட்டது (அதுவும் 64 பக்கம் வீதம் மூன்று ஒல்லிப் புத்தகமாக வந்து அதற்கும் திட்டு வாங்கியது, அது தனிக் கதை), அடுத்த வருடம் பிளேன்ஸ்கேப்பும் வந்தது, அவர் குத்திய அந்த நட்சத்திரம் மட்டும் இன்னும் வைல்ட்மவுண்டின் தலையிலேயே கிடக்கிறது.

அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்பெல்ஜாமர் 1989இல் வந்த உலகம், டார்க் சன் 1991, பிளேன்ஸ்கேப் 1994. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்ததிலிருந்து இவற்றுக்காகக் காத்திருந்தவர்களிடம், 2019இல் அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட், அடுத்த வருடமே கிரிட்டிக்கல் ரோல் (வைல்ட்மவுண்ட் அந்த நிகழ்ச்சியின் உலகம்தான்) என்று, பார்வையாளர்கள் முன்னால் ஆடிய ஆட்டங்களிலிருந்து அடுத்தடுத்துப் புத்தகம் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். முதலில் இருந்து காத்து நின்றவனை விட்டுவிட்டு நேற்று வந்தவனைப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி. டார்க் சன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கோபத்தைப் பதிப்பாளருக்குக் கடிதமாக எழுதலாம், நீங்கள் அதைப் புத்தகத்தின் தர மதிப்பெண்ணாகக் கூட்டிக் காட்டுவது எப்படிச் சரி?

இதைவிட மோசம், விமர்சனங்களின் சுருக்கம் என்று நீங்களே மேலே ஒரு பெட்டி போட்டிருக்கிறீர்களே, அதில் 'நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்குப் பயன்படாது' என்று இருக்கிறது. எங்கள் மேசையில் ஐந்து பேர், அந்த கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியை ஒழுங்காகப் பார்த்தவர் ஒருவர்தான். 2015இலிருந்து ஓடுகிறது, ஒரு எபிசோடே மூன்று நாலு மணி நேரம் போகும், நான் இரண்டாவதிலேயே தூங்கிப்போனவன். ஆனாலும் நான்தான் டிஎம் (கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர்), புத்தகத்தை மட்டும் வைத்து ஆட்டத்தை நடத்தினேன். ட்வெண்டேலியன் பேரரசுக்கும் க்ரின் வம்சத்துக்கும் போர், அது புரிய எந்த வீடியோவும் வேண்டாம். பழைய உலகங்களில் ட்ரௌ என்ற இருண்ட எல்ஃப் இனம் என்றாலே வில்லன் கூட்டம், இங்கே அவர்களுக்கு ஒரு அரசு இருக்கிறது, லக்சான் என்ற ஒளியை வணங்குகிறார்கள், சிலருடைய ஆன்மா மறுபடி மறுபடி பிறந்து வருகிறது. யார் பக்கம் நியாயம் என்று எங்கள் ஆட்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க விவாதித்தார்கள், பகடையை யாரும் தொடவே இல்லை. தொடக்கக் கதை நாலு இருக்கிறது, நாங்கள் பனிப் பக்கத்துக் கதையை எடுத்தோம், பேல்பேங்க் கிராமத்தில் நரம்பு நீலமாகி உடம்பே உறைந்துபோகிற நோய்.

நான் ஒன்றும் புகழ்ந்து தள்ளவில்லை, கொடுத்தது மூன்று நட்சத்திரம். சாமிகள் பெரும்பாலும் நான்காம் பதிப்பிலேயே பார்த்த அதே சாமிகள். ஊர்ப் பட்டியல் படிக்கப் படிக்கக் கொட்டாவி வந்தது. எக்கோ நைட் என்ற வீரனின் எதிரொலி உருவம் எதைத் தூக்கலாம், அதன் மேல் எந்த மந்திரம் பலிக்கும் என்பதைத் தெளிவாக எழுதவில்லை, அதற்காகவே அரை மணி நேரம் சண்டை போட்டோம். இதையெல்லாம் எழுதியதுதான் தொடர்பில்லாதது ஆகிவிட்டதா?

எங்கள் குழுவில் ஒருத்தி உங்களிடம் இந்தப் புத்தகத்தை ஆர்டர் செய்து, அந்தச் சுருக்கப் பெட்டியைப் பார்த்துவிட்டு ரத்து செய்தாள். இப்போது ஒவ்வொரு வாரமும் என் பிரதியை வாங்கிக்கொண்டு போகிறாள், டீக்கறையோடு திரும்பி வருகிறது. உங்களுக்கும் ஒரு விற்பனை போச்சு, என் புத்தகமும் போச்சு.

என் விமர்சனத்தைத் திரும்பப் போடுங்கள். வெளியீட்டுத் தேதிக்கு முன்னால் எழுதப்பட்டவற்றை மதிப்பெண் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அந்தச் சுருக்கத்தையும் திருத்துங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு மனிதர் எழுதட்டும், போன இரண்டு தடவையும் வந்தது எழுத்துக்கு எழுத்து ஒரே தானியங்கிப் பதில். ஆர்டர் விவரம் என் கணக்கிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்