பாடம் கடைசி ரீலில் இல்லை

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

'வீடு' படம் பார்த்துவிட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "கடைசியில அவளுக்கு என்னப்பா கிடைச்சுது? நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுக்கு ஆசைப்படக் கூடாதுங்கிறதுதான் பாடமா?" என்று கேட்டிருக்கிறாய். குரலில் நல்ல கோபம். 1988இல் வந்த, பாட்டே இல்லாத ஒரு படம் ஹாம்பர்க்கில் இருக்கும் உன்னைக் கோபப்படுத்துகிறதென்றால், டைரக்டர் பாலு மகேந்திரா ஜெயித்துவிட்டார்.

ஆனால் நீ பாடத்தைக் கடைசிக் காட்சியில் தேடுகிறாய். கஷ்டப்பட்டு சுதா வீடு கட்டும் நிலம் குடிநீர் வாரியத்துக்கு என்று எடுக்கப்பட்டது, அவள் கோர்ட்டில் காத்திருக்கிறாள், தீர்ப்பு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அதிலிருந்து பாடம் எடுத்தால் புலம்பல்தான் மிஞ்சும். படம் எங்கே அவசரப்படாமல் நிற்கிறது என்று கவனித்துப் பார். சுதாவின் தாத்தா, அதாவது அந்த வேஷத்தில் வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறாரே, அந்தக் காட்சி கதையை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. வேறு ஒருவர் எடுத்திருந்தால் எடிட்டிங்கில் போயிருக்கும். இவர் அந்தக் கிழவரை நிதானமாகச் சுற்றிப் பார்க்க விடுகிறார். கூரை முழுசாக இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே இறந்துபோகிறார். அவர் கணக்கில் அந்த வீடு கட்டி முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். உன் அம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள், அது வேறு சண்டை.

அப்புறம் சித்தாள் மங்கம்மா. காண்ட்ராக்டர் சிமெண்டில் கை வைப்பதைத் தட்டிக் கேட்கிறவள் அவள்தான். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை, கூலி போனால் அன்றைய அடுப்பு எரியாது. என்ன கிடைத்தது என்று கேட்டாயே, சுதாவுக்கு மங்கம்மா கிடைத்தாள்.

இங்கே நம் சொசைட்டியின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மெண்ட் கூட்டம் போன வாரம் நடந்தது. கார்பெட் ஏரியா எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை பில்டர் தரும் வாடகை எவ்வளவு என்று ஒரே கூச்சல். மூன்றாம் மாடிப் பாட்டி மட்டும், "அதுவரைக்கும் நான் இருப்பேனா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படம் பார்த்திராவிட்டால் நானும் சிரித்திருப்பேன். பாட்டிக்கு இதே தெருவில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் மாற்று வீடு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில்டர் இன்னும் பதில் சொல்லவில்லை.

'நாயகன்' 1987இல் வந்தபோது இந்த ஏரியாவில் நடந்த வாக்குவாதம் உனக்குத் தெரியாது. திரையில் பார்த்த தாராவியில் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். ஆனால் கதைக்கு மூலமான மும்பை தாதா வரதராஜ முதலியார் எங்களுக்குத் தெரிந்தவர், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் அவர் நடத்திய கணபதி பந்தலுக்குப் போகாத தமிழன் குறைவு. நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்க, "தெரியலையே" என்கிறார் படத்தின் நாயகன் வேலு நாயக்கர். படம் அதோடு விட்டுவிட்டது, நாங்கள் விடவில்லை. முதலியாரால் காரியம் நடந்த வீட்டுக்காரர் நல்லவர் என்றார். பயந்து பயந்து கடை நடத்தியவர் வேறு மாதிரி சொன்னார். படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவரவர் கதையைத்தான் சொன்னார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான்.

ஆகவே, படம் முடிந்ததும் ஃபோனை எடுத்து 'எண்டிங் எக்ஸ்ப்ளெயின்ட்' வீடியோ தேடாதே. அதைச் சொல்கிற பையனுக்கு உன்னைத் தெரியாது. ஒரு நாள் சும்மா விடு. மறுநாள் பஸ்ஸில் போகும்போது எந்த முகம் நினைவுக்கு வருகிறதோ, அதைப் பற்றி எனக்கு எழுது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சீரியல் முடிந்த பிறகு கூப்பிட்டால் அம்மாவும் பேசுவாள்.

அன்புடன்,
அப்பா