வளர்ப்புக் குடும்பங்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளைகளைப் பக்கத்து அறையில் விளையாட விட்டுவிட்டு ஒரு காதை அங்கேயே வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முறைப்படி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தக் குடும்பம் தேறும்வரை பிள்ளைகளைத் தற்காலிகமாக நம் வீட்டில் வைத்து வளர்க்கும் நாம், ஆண்டுத் தொடக்கத்தில் மதுரையில் 9 குடும்பங்களாக இருந்தோம், இப்போது 11. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கணவரை இழந்த ஆசிரியை. தனியாக வாழ்பவர்களும் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2024-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் வழிவிட்டதால்தான் அவர் இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். செயற்குழு மாதாமாதம் கூடியது. ஐப்பசியில் மட்டும் மழை விடவில்லை.

இந்த அறிக்கையில் எந்தப் பிள்ளையின் பெயரும் வராது, படமும் கிடையாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு நம் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வைகை அணையில் எடுத்த படம் ஒன்று ஒருவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். இப்போது பேசுகிறார்.

அந்த வைகை அணைப் பயணத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போனால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்து, பெரிய வேன் பிடித்து, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டி கணவாய் தாண்டிப் போனோம். யோசனை என்னுடையது. அதனால் குறையையும் நானே சொல்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஏழு வயதுப் பையன். அவரை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவான். முதல் நாள் ராத்திரி அவனுக்கு இரண்டு செட் துணியும் துண்டும் பையில் எடுத்து வைத்து, "காலைல சீக்கிரம் கிளம்பணும், வேன் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் பள்ளிக்கூடப் புத்தகம், உடைந்த பம்பரம், பல்பொடி டப்பா உட்பட தன்னுடையது எல்லாவற்றையும் அவனே மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அழவில்லை. முன்பு ஒருமுறை பையோடு வேனில் ஏறியவன் குழந்தைகள் இல்லத்தில்தான் போய் இறங்கினான். இந்த முறையும் அப்படித்தான் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். அணையில் மற்றவர்கள் பூங்காவில் ஓடித் திரிந்தார்கள். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தான். புளியோதரையில் இரண்டு வாய்தான் சாப்பிட்டான். திரும்பும்போது நாகமலையைத் தாண்டி முடக்குச் சாலை வந்ததும், "இது நம்ம ரோடுதான அத்தை?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அந்த நிமிஷமே தூங்கிப்போனான்.

அடுத்த கூட்டத்தில் வேறு எதையும் பேசவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள், "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திட்டித்தானே வளர்த்தார்கள். இந்தப் பிள்ளைகளிடம் அந்த 'வர்றேன்'தான் முதல் பேச்சாக இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். எங்கே போகிறோம் என்பது அப்புறம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்பது முதலில். மாற்றுத் துணி பிள்ளையின் பையில் வேண்டாம், பெரியவர்கள் பையில் இருக்கட்டும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பிள்ளை கையில் கொடுத்துவிடலாம். அந்தப் பையனின் அத்தை ஒருபடி மேலே போய்விட்டார். கிளம்பும் முன் அரிசியும் உளுந்தும் அவனையே அளந்து ஊறப்போடச் சொல்வார். "வந்து ஆட்டணும்டா, நாளைக்குத் தோசைக்கு." ஊறப்போட்ட அரிசியை விட்டுவிட்டு யாரும் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள் என்பது அந்த வயதுக்கும் புரிகிறது.

பெரிய வேனை அதோடு விட்டோம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதில் பொருளாளருக்குத் தனி மகிழ்ச்சி. தெப்பக்குளத்துக்குச் சாயங்காலம் போய்ப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வருவது, நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை போவது என்று ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனோம். பெரியவர்களுக்கு அலுப்பு. பிள்ளைகளுக்கோ நான்காவது தடவைதான் பிடிக்கவே ஆரம்பித்தது. எந்தப் படியில் உட்கார்வது, எந்த மேசை நம் மேசை என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். காந்தி அருங்காட்சியகம் மட்டும் சரிவரவில்லை. பேசாதே, தொடாதே என்று நாமே ஐம்பது தடவை சொல்லியிருப்போம்.

சொந்தப் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. வந்த பிள்ளையோடு ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மகன் ஒருவன் நம் சங்கத்திலும் உண்டு. அழகர்கோயில் மலைப்பாதையில் குரங்கு ஒன்று தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட, இரண்டு பேரும் ஒன்றாகத் துரத்தினார்கள். பொட்டலம் போனது போனதுதான். நூபுர கங்கை வரைக்கும் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டே ஏறினார்கள். நாங்கள் பட்டினி, ஆனால் மனநல ஆலோசகர் நாலு அமர்வில் செய்வதைக் குரங்கு செய்துவிட்டது என்று தலைவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

கீழடி நமக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சிவகங்கை மாவட்டம். மாவட்ட எல்லை தாண்டுவதால், பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம். வட்டச் சில்லுகளையும் பகடைக் காய்களையும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் வெளியே வந்து ஓட்டாஞ்சில்லு பொறுக்கிப் பாண்டி ஆடினார்கள். நம் பையன் மட்டும், 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓட்டு விவரத்திலேயே நின்றுவிட்டான். "பானையில எதுக்கு அத்தை பேரு?" "அவங்க பானைன்னு தெரியத்தான்டா. நம்ம வீட்டுச் சட்டியில தாத்தா பேரு வெட்டியிருக்குல்ல." வீட்டுக்கு வந்த பிறகு எல்லாத் தட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். மறுவாரம் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போய் ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கி, அங்கேயே அவன் பெயரை வெட்டிக் கொடுத்தார்கள். மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கடைசி எழுத்து வரை பார்த்தானாம்.

இவ்வளவு ஒட்டவைக்கலாமா என்று நம்மில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நம்மிடம் வருவது தத்துப்பிள்ளை அல்ல. சொந்தக் குடும்பம் தேறிவிட்டால் அங்கே போக வேண்டிய பிள்ளை. அதனால்தான் 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. என் கருத்தைக் கேட்டால், ஓரிடத்தில் ஒட்டிப் பழகிய பிள்ளைதான் அடுத்த இடத்திலும் ஒட்டும். தை மாதம் குழந்தைகள் நலக் குழு உத்தரவுப்படி அந்தப் பையன் தன் அம்மாச்சியிடம் போனான். தட்டைப் பையில் வைத்தார்கள். அவன் எடுத்து மறுபடி அடுக்களையில் கவிழ்த்து வைத்துவிட்டான். "வர்றப்ப சாப்பிட வேணும்ல?"

அந்த அத்தை இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒரு தீர்மானத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். அரசு தரும் மாதம் 4,000 ரூபாய் பராமரிப்புத் தொகை பிள்ளையின் சாப்பாடு, படிப்பு, துணிமணிக்கு உரியது. ஊர் சுற்றும் செலவை அதில் எழுதக் கூடாது. சங்கச் சந்தாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வைகைக்கு வந்த வேன்காரர் பேசிய வாடகைக்கு மேல் 'வெயிட்டிங்' என்று கேட்டு வாசலில் சத்தம் போட்டதும், பிள்ளைகள் உள்ளே ஓடி ஒளிந்ததும் நினைவிருக்கும். இனி வாடகை பேசும்போதே எழுதி வாங்கிவிடுவோம்.

அடுத்த பயணம் கீழக்குயில்குடி, சமணர் மலை. தாமரைக்குளமும் ஆலமரமும் போதும், மலையேற்றம் விருப்பப்பட்டவர்களுக்கு. சின்ன வேன் சொல்லியிருக்கிறது. தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். பையனின் அம்மாச்சியிடம் கேட்டாயிற்று, அவரும் வருகிறேன் என்றிருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை இரண்டு சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். ஜன்னலோரச் சீட்டு என்று யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்