லா நிக்கோலியேர் கரையிலிருந்து அக்காவுக்கு

கூட்லாண்ட்ஸ், மொரீஷியஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி கொண்டுவந்த அப்பளக் கட்டும் உன் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அப்பளம் ஒன்றுகூட நொறுங்கவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது போனில் எதையும் மனசுவிட்டுப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதனால் நானும் பேப்பரை எடுத்துவிட்டேன். வயல் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதை மட்டும் நீ தனியாக வாசி. மற்றதையெல்லாம் அம்மாவுக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டு.

ஊரில் சாரல் விழுகிற இந்த ஆடியில் இங்கே குளிர்காலம். நாங்கள் இருப்பது வடக்கே, கடலுக்குப் பக்கத்தில். அதனால் ஒரு ஸ்வெட்டர் போதும். மேட்டுப் பக்கம் க்யூர்பிப்பில் இருக்கிற பையன்கள்தான் மழையிலும் ஈரக்காற்றிலும் நடுங்குகிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல். முருங்கைக்கீரை கிடைக்கிறது, வெண்டைக்காய் கிடைக்கிறது. ரோட்டோரத்தில் சுடச்சுடப் பருப்புப் பூரி விற்கிறார்கள், மாவுக்குள் கடலைப்பருப்பை வைத்துத் திரட்டியது, காலையில் அதைச் சாப்பிட்டால் மதியம் வரைக்கும் பசிக்காது. சொதி வைத்துப் பார்த்தேன். தேங்காய்ப்பால் சரியாகத்தான் வந்தது, இஞ்சிப் பச்சடிதான் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இப்போது வேலை இல்லை. ஆர்டர் குறைவு என்பதால் ஓவர்டைமை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், திரும்பக் கொடுப்பார்கள். ரூமில் இருந்தவர்களில் பாதிப்பேர் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள், அதனால் இடம் தாராளம். எனக்கு நல்ல ஓய்வு. அந்த ஓய்வில் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய் அல்லவா? அணைக்கு நடக்கப் போகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் போனில் சொல்லியிருக்கிறேனே, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், இந்த வயதிலும் பத்து நாள் விரதத்தை விடாதவர். அவர்தான் விடிவதற்குள் கதவைத் தட்டுவார். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை, சட்டைப்பையில் காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாயும். அவருடைய மகனின் பழைய வேனில் கரும்புக்காடுகளுக்கு நடுவே போவோம். வெட்டு தொடங்கிவிட்டது. வெட்டாத காடுகளில் கரும்பு பூத்து நிற்கிறது.

அணைக்கு லா நிக்கோலியேர் என்று பெயர். 1929-இல் கட்டியது. சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைக் காட்டைத் தேயிலைத் தோட்டத்துக்காகக் குத்தகைக்கு விட்டதும் அதே வருஷம்தான். பெரியம்மாவிடம் சொல், தன் மாமனார் மலையேறிய கதையை அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அணை நம் மணிமுத்தாறு அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் மலை அடிவாரத்தில் அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கரைமேலேயே தார்ரோடு போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. அந்த ரோடு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி நூவெல் தெக்குவெர்த் என்கிற மேட்டு ஊருக்குப் போகும். பாதி ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் கீழே அணை, அதற்கப்பால் வடக்குச் சமவெளி முழுக்கக் கரும்பு, அதையும் தாண்டிக் கடல், கடலில் குவான் தெ மிர் என்ற தீவு. எங்கள் ஃபேக்டரி இருக்கிற திசையையும் பெரியவர் காட்டுவார்.

ரோட்டைவிட்டு இறங்கினால் ஒற்றையடிப் பாதைகள் பிரிகின்றன. ஒன்று தண்ணீர் ஓரமாகவே போகும், மழைக்குப் பிறகு செம்மண் சேறு செருப்பைப் பிடித்து இழுக்கும். இன்னொன்று யூகலிப்டஸ் மரங்களுக்குள் ஏறும். இந்த அணைக்குத் தண்ணீர் அதனுடைய ஓடைகளிலிருந்து மட்டும் வருவதில்லை, தெற்கே மேட்டில் மிட்லண்ட்ஸ் என்று ஓர் அணை இருக்கிறது, அங்கிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். இங்கே சுத்தம் செய்து வடக்கு ஊர்களுக்கெல்லாம் குழாயில் விடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை வாக்கில், நம் ஊரில் மழை கொட்டும்போது, இங்கே அணைகள் வற்றும். அப்போது குழாயில் நேரம் வைத்துத்தான் தண்ணீர். நாம் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்போம், இங்கே எத்தனை சதவீதம் என்று செய்தியில் சொல்கிறார்கள். மணிமுத்தாறு நிரம்பினால் 118 அடி என்று சொன்னதும் பெரியவர் குடையை மடக்கிவிட்டு, மறுபடி சொல் என்றார்.

மருமகன் பயப்படுவானே, அவனுக்குச் சொல்: இங்கே புலி, கரடி, யானை எதுவும் கிடையாது, விஷப்பாம்பும் கிடையாது. அங்கே மாஞ்சோலைக்கு ஏறும் வழியில் செக்போஸ்டைத் தாண்ட வனத்துறையிடம் அனுமதி கேட்டு நிற்போம், இங்கே குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். மான் உண்டு. டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம், அதன் வம்சம். குரங்கும் உண்டு, கையில் பை இருந்தால் கூடவே வரும்.

பாதை நெடுகக் காட்டுக்கொய்யா. நெல்லிக்காய் அளவுதான், நன்றாகப் பழுத்தால் ரத்தச் சிவப்பு. மற்ற மரங்களை வளரவிடாமல் அழிக்கிறது என்று வனத்துறைக்கு அதன்மேல் கோபம், ஆனால் ஜனங்களுக்கு உயிர். பெரியவர் குடையின் வளைந்த பிடியால் கிளையை இழுத்துப் பிடிப்பார், நான் பறிப்பேன். பழத்தை இரண்டாகக் கிள்ளி, காகிதத்தைப் பிரித்து உப்பு மிளகாயில் ஒற்றி என் உள்ளங்கையில் வைப்பார். முதலில் புளிப்பு, அப்புறம் காரம், கடைசியில் விதைக்குள்ளிருந்து மெல்ல ஒரு தித்திப்பு. உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவருக்குத் தமிழ் பேச வராது. கோயில் பாட்டு மட்டும் தெரியும். இந்த ஊர்ப் பேச்சுமொழி கிரியோல், எனக்குத் தெரிந்த அளவு அதில்தான் பேசிக்கொள்கிறோம். போன வாரம் கரையில் உட்கார்ந்திருந்தபோது உன் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முப்பாட்டனார் கரும்பு வெட்ட வந்த காகிதத்தில் மதராஸ் என்று மட்டும்தான் இருக்கிறதாம். கப்பல் ஏறிய துறைமுகம் அது, ஊர் எது என்று யாருக்கும் தெரியவில்லை. உனக்கு அங்கே நிலம் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வருகிற பெருங்கால் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்கா, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு எல்லாரும் படுத்திருப்பீர்கள். அப்பா இருந்தபோது ஆற்று மணலைக் கூட்டி மேடாக்கி, அதில் என் தலையை வைத்துத் தூங்கவைப்பார். அந்த ஈர மணல் வாசனை இந்தக் கரையில் எப்போதாவது காற்றோடு வருகிறது. வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. இந்த வருஷம் என் பேரையும் சொல்லி ஒரு தேங்காய் உடைத்துவிடு.

சரி, இனிமேல் நீ தனியாக வாசி.

வயலை ஒத்திக்கு வைக்க வேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்கு வேறு வழி இல்லை என்று அத்தான் சொல்வதும் நியாயம்தான், அவர் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் நம் ஊரில் ஒத்திக்குப் போன வயல் எத்தனை திரும்பி வந்திருக்கிறது, நீயே எண்ணிப் பார். மேலத்தெரு மாமா வயல் இன்றுவரை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பங்குனி மாதத்துக்குத் தள்ளிக் கேள். மழை வந்து பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டால் ஒரு போகம் கையில் வரும், அதற்குள் இங்கேயும் ஓவர்டைம் வந்துவிடும். இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாகவும் தாமதமாகவும் வரும், அம்மாவிடம் பேங்கில் லேட் என்று சொல்லிவிடு. எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. தேவைப்பட்டால் என் செயினை அடகு வை, அது பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் இருக்கிறது. செயினை என்றைக்கு வேண்டுமானாலும் மீட்கலாம்.

பத்திரம் உன்னிடமே இருக்கட்டும். யார் கேட்டாலும் தம்பியிடம் கேட்டுத்தான் தருவேன் என்று என்மேல் பழியைப் போடு. அத்தானிடம் நானே பேசுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன், இங்கே அப்போது எட்டு மணி, ஷிப்ட் முடிந்திருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக் காலத்தைக் கடத்தாதே, அம்பாசமுத்திரம் டாக்டரிடம் கூட்டிப் போ. மாஞ்சோலையிலிருந்து இறங்கிவந்த பெரியம்மாவுக்கு இன்னும் வீடு அமையவில்லை என்றால் நம் பின்கட்டைத் திறந்துவிடு, வாடகை என்ற பேச்சே வேண்டாம்.

மருமகன் கேட்ட இந்த நாட்டு 25 ரூபாய் நோட்டை உள்ளே வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று அவனையே தேடச் சொல். பெருங்காலில் தண்ணீர் விட்டாச்சா, அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று மறக்காமல் எழுது. அண்ணாச்சி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், பதில் கடிதத்தை அவர் கையிலேயே கொடு.

உன் அன்புத் தம்பி